வளைவில் இரண்டு நொடி

அத்தியாயம் 17

கைகள் கமலவேணியுடையவை, குரல் பூர்ணிமாவுடையது. ஆம்பூர் ஷூ கம்பெனியின் பயிற்சிக் கூடத்துக்கு வந்திருக்கும் புது ஏஐ மெஷினுக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டும் போயிருக்கின்றன. மாதனூரில் அதைச் சொல்லிப் பெருமைப்படாதவர் இல்லை, அந்த வீட்டின் மூத்த மருமகள் கமலவேணியைத் தவிர.

பதினோரு நாள் தனி அறையில் உட்கார்ந்து தைத்தாள் கமலவேணி. தலைக்கு மேலே தொங்கிய கேமரா அவள் கைகளை மட்டும் படம் பிடித்தது. இருபத்திரண்டு வருஷம் அப்பர் தைத்த கைகள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம், பாதத்தை மூடுகிற தோல். இனிமேல் புதிதாகச் சேரும் பெண்கள் தைக்கும்போது மெஷின் அவர்கள் கைகளைக் கவனிக்கும். கமலவேணியின் கைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கே பிசகினாலும் நல்ல தமிழில் எடுத்துச் சொல்லும்.

எடுத்துச் சொல்லும் அந்தக் குரல்தான் ஓரகத்தி பூர்ணிமாவுடையது. காட்பாடியில் படித்தவள், கொழுந்தன் முத்துக்குமாரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். அதே கம்பெனியின் பயிற்சி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. கமலவேணியின் கையசைவுகளைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் பேர் வைத்து மெஷினுக்குக் கொடுத்ததும் அவளே.

இன்றைக்குப் பயிற்சிக் கூடத்துக்குத் திறப்பு நாள். அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதும் இன்றைக்கே தெரிந்துவிடும். மாமியார் கண்மூடிய நாளிலிருந்து வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வருகிற கமலவேணி, அந்தப் பொறுப்பும் தன் இடுப்புக்கே வரும் என்று மூன்று வாரமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

கூடத்துக்குள் அவள் காலெடுத்து வைத்தபோது நாற்பது பெண்கள் நீலக் கோட்டுப் போட்டு வரிசையாக நின்றிருந்தார்கள். குடியாத்தம் பக்கத்துப் பெண்கள் பாதி, வாணியம்பாடி பக்கம் பாதி. மெஷின் பேசிக்கொண்டிருந்தது.

"வணக்கம். நான் உங்கள் பயிற்சித் தோழி. பயப்படாதீர்கள். தவறு செய்தால் நான் திட்ட மாட்டேன்."

பெண்கள் சிரித்தார்கள். "பூர்ணிமா மிஸ் வாய்ஸ்டி!" என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதைக் கடித்தாள்.

கமலவேணியின் பக்கத்தில் வந்து நின்றாள் சுகரா பேகம். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மெஷின்.

"இன்னா கமலா, கை ஆடறது உன்னுது, பேர் மட்டும் அவளுக்குப் போவுது?"

"வீட்டுக்குள்ள தானே போவுது."

"அது சரி. அந்தப் புள்ளைங்கள்ல ஒருத்தியாவது உன்னைத் திரும்பிப் பார்த்தாளா? கைக்கு மூஞ்சி இல்லியே."

"காலையிலயே பேஜார் பண்ணாத சுகரா. போய் வேலையப் பாரு."

சொல்லிவிட்டாளே தவிர, அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டிலும் இப்போது அதே கதைதான். பால்காரர் வந்தால் பூர்ணிமாவின் குரலைப் பற்றிக் கேட்கிறார். கல்யாணத்துக்குப் போனால், 'உங்க சின்ன மருமவதானே அந்த மெஷின்ல பேசுது?' என்கிறார்கள். தோலில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் ஓடுகிற தையலை யார் பார்க்கிறார்கள்? காலில் போட்டுக்கொண்டு நடந்துவிடுகிறார்கள்.

ஒன்பதரை மணிக்கு மகேந்திரன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். பயிற்சிப் பிரிவு மேனேஜர். நாற்பது வயதுகூட ஆகாதவர்.

"உக்காருங்க கமலாம்மா. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. பொறுப்புக்குப் பூர்ணிமா பேரைத்தான் மேல சொல்லியிருக்கேன். நேத்து சாயங்காலமே அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். மெஷின், ரிப்போர்ட், வர்றவங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசறது, எல்லாம் இருக்குது பாருங்க."

நேற்றுச் சாயங்காலமே! இரவு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாளே. ரசம் கேட்டாள், அப்பளம் கேட்டாள். இதைப் பற்றி ஒரு வார்த்தை மூச்சு விடவில்லையே.

"உங்க வீட்டுப் பொண்ணுதானே, சந்தோஷம்தானே?" என்றார் மகேந்திரன்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள் கமலவேணி. முதுகை வளைக்காமல் எழுந்து வெளியே வந்தாள். வராண்டாவில் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். ஒரு தடவை போதவில்லை. இரண்டாம் தடவையும் கழுவினாள்.

பதினோரு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். கம்பெனியிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர், கம்பெனிப் பெரியவர்கள் நான்கு பேர். புதுப் பெண்களில் மூன்று பேரை மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். முதலாவதாக உட்கார்ந்தவள் கவிப்ரியா என்ற ஒல்லிப் பெண். கறுப்புத் தோலை ஊசிக்கடியில் வைத்து, பெடலை அழுத்தினாள்.

"நன்று. நேராகச் செல்லுங்கள். விளிம்பைக் கவனியுங்கள்" என்றது பூர்ணிமாவின் குரல். விருந்தாளிகள் தலையாட்டினார்கள்.

ஷூவின் முனை வளைவு வந்தது.

"படி ஏழு. வலது கையை எடுங்கள். இரண்டு நொடி பொறுத்து மீண்டும் வையுங்கள்."

கவிப்ரியா சொன்னபடி வலது கையை எடுத்தாள். ஆனால் கால் பெடலிலிருந்து எழவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பிடியில்லாத தோல் திரும்பியது. தையல் விளிம்பை விட்டு விலகி, நட்ட நடுவில் கோணலாக ஓடி நின்றது.

துணியாக இருந்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான்.

இரண்டாவது பெண்ணுக்கும் அதே இடத்தில் அதே கதி. மூன்றாவது பெண் கெட்டிக்காரி. கையை எடுக்காமலே வளைவை அழகாகத் தைத்து முடித்தாள். மெஷின் அவளை விடவில்லை.

"படி ஏழு விடுபட்டது. மதிப்பெண் குறைக்கப்பட்டது. மறுபடி முயலுங்கள்."

அவளும் மறுபடி முயன்றாள். அவள் தோலும் பாழாயிற்று. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பெனிப் பெரியவர்கள் மகேந்திரனைப் பார்த்தார்கள்.

அந்த ஏழாம் படி என்ன என்பது கமலவேணிக்குத் தெரியும்.

அது படியே இல்லை. அவள் மூக்குக் கண்ணாடி.

நான்கு வருஷமாகவே அவளுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரிகிறது. கம்பெனியில் கண் சரியில்லை என்றால் தையலிலிருந்து தூக்கிப் பெட்டி மடிக்கிற இடத்துக்குப் போட்டுவிடுவார்கள். அந்தக் கேவலம் இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம் என்று, தெரிந்தவர் கண்ணில் படாமல் குடியாத்தம் போய்க் கண்ணாடி வாங்கி வந்தாள். வருஷாந்திரக் கண் பரிசோதனையில், முன்னால் நிற்பவள் கையில் அட்டையைப் பிடித்துப் படிக்கிற எழுத்துகளைக் கேட்டே மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவாள். தையல் வரிசையில் விரல் தடவலே போதும், கண்ணாடி வேண்டியதில்லை. ஆனால் படப்பிடிப்பு அறையில் யாரும் இல்லை; ஒரு தையல்கூடப் பிசகக் கூடாது என்று அங்கே மட்டும் போட்டுக்கொண்டாள். குனிந்து தைக்கையில் அது வியர்வையில் வழுக்கி இறங்கும். வளைவு வரும்போதெல்லாம் பெடலை நிறுத்தி, வலது கையால் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் தொடருவாள். கேமராவுக்குக் கை போய் வந்தது தெரியும். கண்ணாடியும் தெரியாது, நின்ற காலும் தெரியாது.

பூர்ணிமா அப்போதே கேட்டாள். "அக்கா, இந்த எடத்துல மட்டும் கை எங்க போய்ட்டு வருது? தேவையா, தேவையில்லையா?"

"அதுதான் என் கைப்பக்குவம். உன் கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் புரியாது. அப்படியே எழுதிக்கோ" என்று அடித்துச் சொன்னவள் கமலவேணி.

விருந்தாளிகளை டீ குடிக்க அனுப்பிவிட்டு மகேந்திரன் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"யாரு இந்த ஸ்டெப்பைப் போட்டது?"

பூர்ணிமா கமலவேணியைப் பார்த்தாள். கமலவேணி தரையைப் பார்த்தாள்.

"நான்தான் சார். தப்பா குறிச்சிட்டேன்" என்றாள் பூர்ணிமா.

"தப்புன்னு சாதாரணமா சொல்றீங்க? தையல் தெரிஞ்ச ஒருத்தரை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? உங்க வீட்லயே இருக்காங்களே!"



இப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும் கமலவேணி. திறக்கவில்லை. காலையிலிருந்து வயிற்றில் எரிந்துகொண்டிருந்த ஒன்று சட்டென்று குளிர்ந்தது. நாற்பது பெண்களும் பூர்ணிமாவைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. அந்தப் பார்வை அவளுக்கு இனித்தது. இப்படி இனிக்கலாமா என்று கேட்டுக்கொள்ள அவள் அப்போது தயாராக இல்லை.

மதியத்துக்குள் மகேந்திரன் அவளைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "மெஷின் தெரிஞ்சவங்களை விட வேலை தெரிஞ்சவங்கதான் வேணும்னு பெரியவர் சொல்லிட்டாரு. பொறுப்பு உங்களுக்குத்தான் கமலாம்மா."

ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள் கமலவேணி. பூர்ணிமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் நெடுஞ்சாலையில் ஏறியது.

"வாழ்த்துகள் அக்கா."

"உம்."

"ஒண்ணு காட்டட்டா?" பூர்ணிமா போனை எடுத்தாள். திரையில் கமலவேணியின் கைகள். கறுப்புத் தோல். வளைவுக்கு முன்னால் வலது கை மறைந்தது. அந்தச் சமயத்தில் தோலின்மேல் இரண்டு சின்ன வெளிச்ச வட்டங்கள் ஆடி, மேலே நகர்ந்து, நின்றன.

"மத்தியானம்தான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கண்ணாடி, இல்லியா அக்கா?"

கமலவேணி மடியிலிருந்த கைப்பையை இழுத்து மூடினாள்.

"பயப்படாதீங்க. யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். பழி என்னோட போவட்டும்."

குரலில் ஒரு துளி கோபம் இல்லை. மெஷினில் நாற்பது பெண்களுக்குச் சொன்னாளே, தவறு செய்தால் திட்ட மாட்டேன் என்று, அதே நிதானம். கமலவேணிக்குக் காலையில் எரிந்ததைவிட இப்போது அதிகமாக எரிந்தது. பேர் அவளுக்கு, குரல் அவளுக்கு. கடைசியில் பெருந்தன்மையும் அவளுக்கேவா? கையில் வந்த பொறுப்பு இவள் போட்ட பிச்சையா?

பஸ் மாதனூரை நெருங்கும்போது பூர்ணிமா மெல்லச் சொன்னாள். "அக்கா, அந்த மாடி ரூம்ல ஒரு கேஸ் அடுப்பு வெச்சிக்கலாமான்னு கேட்டிருந்தேன் இல்ல? காலைல உங்களுக்கும் வேலை கம்மியாவும்."

ஆடி மாதம் கேட்டபோது கமலவேணி போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் அது இரண்டு வீடு. நாளைக்கே ஊர் சொல்லும், மூத்தவள் அடித்துத் துரத்தினாள் என்று. அன்றைக்கு அப்படிக் கத்தியவள் இன்றைக்கு என்ன சொல்வாள்?

"பார்க்கலாம்" என்றாள்.

"பார்க்கலாம்னா சரின்னு எடுத்துக்கறேன் அக்கா."

கமலவேணி மறுக்கவில்லை. மறுக்க முடியவில்லை என்பதுதான் சரி.

வீட்டில் கணவர் ராஜவேலு மக்கன் பேடா வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சுகராவின் புருஷன் மூலமாகச் செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது.

"வாங்க மேடம், வாங்க! இனிமே எனக்கும் கொஞ்சம் ட்ரைனிங் குடுப்பீங்களா? சட்டைப் பட்டன் தைக்கவாவது?"

"சும்மா இருங்க."

"ஏன், இன்னா மொகம் இப்படி? பூர்ணிமா, நீயும் எடும்மா. தப்பு யாருக்கும் வர்றதுதான். உங்க அக்கா இருக்கா, பார்த்துப்பா."

"ஆமா மாமா. அக்கா இருக்காங்க" என்று சொல்லிப் பூர்ணிமா ஒரு பேடாவை எடுத்துக்கொண்டாள். எடுத்தவள் கமலவேணியைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு போதும். கமலவேணி அதற்குக் கீழே ஒரு நாள்கூட வாழ மாட்டாள். நியாயத்துக்காக அல்ல, பாவம் புண்ணியத்துக்காகவும் அல்ல. தன் ஓரகத்தியிடம் தாழ்ந்து நிற்பதைவிட ஊரார் முன்னால் தாழ்ந்து நிற்பது மேல் என்று பட்டது. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து எல்லாரும் பார்க்க மாட்டிக்கொண்டாள். போனில் மகேந்திரன் நம்பரைத் தேடி அழுத்தினாள்.

"சார், நான் கமலவேணி. அந்த ஏழாம் படி பூர்ணிமா தப்பில்ல. அவ கேட்டா. நான்தான் என் கைப்பக்குவம்னு பொய் சொன்னேன். எனக்குக் கண்ணு தெரியல சார். கண்ணாடியத் தள்ளி விட்டேன். அவ்ளோதான் அது."

ராஜவேலுவின் கையில் பேடா பாதியில் நின்றது.

 மகேந்திரன் சொன்னது அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது. "காலையில எட்டு மணிக்கு ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க. பொறுப்பு யாருக்குன்னு அப்புறம் பேசுவோம்."

போனை வைத்துவிட்டுக் கமலவேணி நிமிர்ந்தாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முதுகு இப்போதுதான் தானாக நிமிர்ந்தது.

"பூர்ணிமா, இனி நான் உனக்கு எதுவும் பாக்கி இல்ல. இந்த வீட்ல ஒரு அடுப்புதான்."

பூர்ணிமா முகத்தில் நன்றி வரும் என்று ராஜவேலு எதிர்பார்த்திருக்கலாம். வரவில்லை. வெளுத்துப் போன முகத்தோடு வாசலைப் பார்த்தாள். அங்கே முத்துக்குமாரின் பைக் வந்து நின்றது. பின்சீட்டில் கயிற்றால் கட்டிய அட்டைப் பெட்டி. பெட்டியின்மேல் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பின் படம்.

"அண்ணி, நேரா மாடிக்கே ஏத்திடட்டுமா?" என்றபடி வந்தான் முத்துக்குமார். "காலையில இவ போன் பண்றா, அக்கா இன்னைக்குச் சரின்னுடுவாங்க, வாங்கி வெச்சிடுன்னு. எனக்கு நம்பிக்கையே இல்ல. மெய்யாலுமா ஒத்துக்கினீங்க?"

"எத்தினி மணிக்குப் போன் பண்ணா?"

"பத்து இருக்கும். நான் டீ குடிக்கப் போன நேரம்."

பதினோரு மணிக்குத்தான் கவிப்ரியா மெஷினில் உட்கார்ந்தாள். மத்தியானம்தான் கண்ணாடியைக் கண்டுபிடித்ததாகப் பஸ்ஸில் சொன்னாள் பூர்ணிமா. பத்து மணிக்கே இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அந்த ஏழாம் படியை ஓட விட்டிருக்கிறாள். தெரிந்தேதான் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு, கைக்கு வந்த பொறுப்பை உதறியிருக்கிறாள், கமலவேணியின் வாயை அடைப்பதற்காக. ஓர் அடுப்புக்காக.

மூன்று வாரமாக எந்த நாற்காலிக்காகக் கமலவேணி காத்திருந்தாளோ, அந்த நாற்காலி இவளுக்கு வேண்டவே வேண்டாம்.

"முத்து, பெட்டிய எறக்காத" என்றாள் கமலவேணி. பிறகு பூர்ணிமாவிடம் திரும்பினாள். குரல் அவளை அறியாமல் இறங்கியிருந்தது.

"வேலையை விட்டுக் குடுக்கற அளவுக்கா என் கை சோறு உனக்குக் கசந்து போச்சு?"

பூர்ணிமா கையிலிருந்த பேடாவைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"ஏன்னு உங்களுக்கு மெய்யாலுமே தெரியாதா?" என்றாள்.

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, அந்தப் பேச்சில் 'அக்கா' இல்லை.